பில்டு டாக்டரின் கைராசி

மனிதகுலத்தின் கதை என்பது காரணம் தேடிய கதை. இடி ஏன் இடிக்கிறது என்று குகைக்குள் நடுங்கிக்கொண்டே கேட்டவன் முதல் அணுவைப் பிளந்து பார்த்தவன் வரை எல்லோரும் அந்த ஒரே கேள்வியின் பின்னால்தான் நடந்தார்கள். அந்த நெடும்பயணம் கோயம்புத்தூர் சரவணம்பட்டியில், பொன்மணி டிஜிட்டல் கம்பெனியின் நான்காம் மாடியில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நிறைவு பெற்றுவிட்டதாக டைரக்டர் நிரஞ்சன் அறிவித்தார். மைக் வேலை செய்யவில்லை. எனவே பயணம் முடிந்த செய்தி முதல் இரண்டு வரிசைக்கு மட்டும்தான் தெரிந்தது.

மூன்றாம் வரிசையில் இருந்த குழந்தைவேல் பக்கத்தில் சாய்ந்தார்.

"என்னங்கறாரு?"

"எதோ முடிஞ்சுபோச்சாமா," என்றாள் ரெஜினா.

"எது?"

"தெரியிலீங் டாக்டர். பில்டு இல்ல. அது இன்னும் ஓடிட்டுத்தான் இருக்குது."

பொன்மணி டிஜிட்டல், அரிசி ஆலைகளில் கறுப்பு அரிசியையும் கல்லையும் கண்டுபிடித்துத் தள்ளும் இயந்திரங்களுக்கு மூளை எழுதித் தரும் கம்பெனி. விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் காங்கேயத்தில் ஆலை வைத்திருப்பவர். குத்துவிளக்கு ஏற்றிவிட்டு, பில்டு என்றால் என்ன என்று கேட்டார். நிரஞ்சன் கையைக் காற்றில் விரித்து விளக்கினார்.

"நாப்பது பேர் ஆளுக்கொரு பகுதி எழுதறாங்க சார். அத்தனையையும் ஒண்ணாச் சேர்த்து, கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி மாத்தி, சரியா ஓடுதான்னு டெஸ்ட் பண்ணி, முழுசா ஒரு பொருளா எடுக்கறதுதான் பில்டு. சில நாள் நாலு நிமிஷத்துல முடியும். சில நாள் அம்பது நிமிஷம் ஆகும்."

"அம்பது நிமிசமுங்களா? அதுக்குள்ள நான் ஒரு லோடு அரைச்சுருவனே. ஏனுங் அப்படி ஆகுது?"

"அதைச் சொல்றதுக்குத்தான் சார், நாடி."

நாடி, சுவரில் மாட்டிய பெரிய திரைக்குள் இருந்தது. பில்டு தாமதமானால் ஏன் என்று அது சொல்லும். அதோடு நிற்காது. எல்லோருடைய பழைய வேலையும், அரட்டையும், வருகைப் பதிவும், விசைப்பலகையில் விரல் தடுமாறிய இடங்களும் அதற்குத் தெரியும். காரணத்தைச் சொல்லிவிட்டுக் காரணத்தின் காரணத்தையும் சொல்லும். வீணையை ஒரு மீட்டு மீட்டிவிட்டு, குழுவில் உள்ள அத்தனை பேர் போனுக்கும் ஒரே நேரத்தில் சொல்லும். "முழு ட்ரான்ஸ்பரன்சி," என்றார் நிரஞ்சன். அதற்குள் மைக் சரியாகிவிட்டதால் அந்தச் சொல் தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். குழந்தைவேலும் தட்டினார். அந்த வேலையை அதுவரை பார்த்துவந்தவர் அவர்தான்.

அவருக்கு அந்த மாடியில் டாக்டர் என்று பெயர். பில்டு இழுத்துக்கொண்டு கிடக்கும் நாளில் யாராவது வந்து, "டாக்டரே, கொஞ்சம் வந்து பாருங்," என்பார்கள். அவர் உடனே எழுந்துவிட மாட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். அப்புறம் சர்வர் அறைக்குப் போய், அலமாரிக் கதவில் வலது உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, விசிறிச் சத்தத்தைக் கேட்பார். நோயாளிக்குக் காய்ச்சலா வாயுவா என்று பார்ப்பது மாதிரி இருக்கும். பிறகு படிக்கட்டுத் திருப்பத்துக்கு வருவார். அங்கே எல்லோரும் ஏற்கெனவே கூடியிருப்பார்கள்.

நான்காம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே இருந்த அந்தத் திருப்பத்தில் அகலமான ஜன்னல் ஒன்று உண்டு. அதற்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பு. பில்டு ஓடும்போது வேலை எதுவும் செய்ய முடியாது என்பது கம்பெனி ஒப்புக்கொண்ட உண்மை. அதனால் அந்த ஐம்பது நிமிடமும் ஊழியர்களுக்குச் சொந்தம். படியில் வரிசையாக உட்கார்ந்து, டாக்டர் வாய் திறக்கக் காத்திருப்பார்கள்.

"நேத்து போட்டோ பிரிக்கற பகுதியில கை வச்சது யாரு?" என்பார் குழந்தைவேல், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

படியில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் எங்கிருந்தோ ஒரு குரல். "நான்தாங் டாக்டர். அப்பாஸ்."

"நினைச்சேன்."

கேஸ் முடிந்தது. குற்றவாளி எல்லோருக்கும் டீ சொல்ல வேண்டும், அதுதான் தண்டனை. டாக்டர் அவனுக்குக் கொஞ்சம் அறிவுரை வழங்குவார். மற்றவர்கள் தண்டனையைக் கூட்டி பஜ்ஜி வரை கொண்டுபோவார்கள். பேச்சு அங்கே இங்கே திரும்பி, யாருக்குப் பெண் பார்ப்பது, யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்று போகும். பில்டு முடிந்தது என்று யாராவது சொன்னால், சொன்னவனை எல்லோரும் முறைப்பார்கள். மறுநாள் பில்டு நாலே நிமிடத்தில் முடியும். நோய் தீர்ந்துவிட்டது. இப்படி ஒன்பது வருடத்தில் டாக்டரின் தீர்ப்பு ஒருமுறைகூடத் தவறியதில்லை. அவர் சுட்டிய அத்தனை பேரும் அங்கேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உலகத்தில் எந்த நீதிபதிக்கும் இப்படி ஒரு பெருமை கிடையாது என்று அவரே மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

நாடி வந்த அடுத்த வாரமே வீணை ஒலித்தது.

"வணக்கம். இன்றைய பில்டு சற்றுத் தாமதம். காரணம்: அப்பாஸ் எழுதிய ஒரு டெஸ்ட், தேவையில்லாமல் இரண்டு முறை ஓடுகிறது. காரணத்தின் காரணம்: நேற்று மதியம் அவர் வேறொரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் இருந்தார். அது நன்றாக அமையவில்லை எனத் தெரிகிறது. அன்புடன், நாடி."

நாற்பது போன்களும் ஒன்றாக அதிர்ந்தன. நாற்பது பேரும் போனைப் பார்த்துவிட்டு, அப்பாஸைப் பார்க்காமல் இருப்பதற்குப் பெரும் முயற்சி எடுத்துக்கொண்டார்கள். அப்பாஸ் திரையைப் பார்த்தபடியே இருந்தான். அவன் காது மட்டும் சிவந்திருந்தது.

பத்து நாள் கழித்து ரெஜினாவின் முறை வந்தது. காரணம், அவள் தவறாகச் சேர்த்த ஒரு பழைய பகுதி. காரணத்தின் காரணம், அவளுடைய வலது கண் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. ஒரே வரியை அவள் பலமுறை வாசிக்கிறாள். தயவுசெய்து மருத்துவரைப் பார்க்கவும்.

அன்று மாலை லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது குழந்தைவேல் அவளிடம் மெதுவாகக் கேட்டார். "போய்ப் பாத்தியா ரெஜினா?"

"பாத்தேனுங். அது சொன்னது சரிதான். கண்ணுல அழுத்தமாம். இப்ப வந்ததே நல்லதுன்னாரு ஆஸ்பத்திரியில அந்தாளு. மருந்து ஊத்தறேன்."

"அப்ப நல்லதுதானே?"

"நல்லதுதான் டாக்டர். எனக்குச் சொல்லிருந்தா கும்பிட்டிருப்பேன். நாப்பது பேருக்குச் சொன்னது எதுக்கு? காலையில நான் மாடிப்படி ஏறுனா ரெண்டு பேர் கையப் புடிக்க வர்றானுங்க."

அதன் பிறகு எல்லோரும் பயந்து பயந்து எழுதினார்கள். அரட்டைக் குழுவில் வணக்கம், நன்றி, இரண்டைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. பில்டு பெரும்பாலும் நாலு நிமிடத்தில் முடிந்தது. நாலு நிமிடத்தில் படிக்கட்டு வரை போய்த் திரும்பலாம், உட்கார முடியாது. டீயை மேஜைக்கே கொண்டுவந்து வைத்தார்கள். அதைக் குடித்தோமா இல்லையா என்பது சில நாள் மாலையில்தான் தெரியும்.

நிரஞ்சன் குழந்தைவேலைக் கூப்பிட்டு, கண்ணாடி அறையில் உட்கார வைத்தார். கலிபோர்னியாவில் ஆறு வருடம் இருந்தவர் என்பதால் அவர் பேச்சில் வார்த்தைகள் கொஞ்சம் உருண்டுதான் வெளியே வரும்.

"சார், யூ ஆர் எ லெஜண்ட். ஆனா இப்ப நாடி வந்தாச்சு. பெருந்துறை சர்வீஸ் யூனிட்ல உங்களை மாதிரி அனுபவம் தேவைப்படுது."

பெருந்துறை யூனிட் என்றால் ஆலை ஆலையாகப் போய், தவிட்டுத் தூசிக்குள் நின்று, இயந்திரத்தின் கேமராவைத் துணியால் துடைப்பது. துடைப்பதில் குழந்தைவேலுக்கு வெட்கமில்லை. ஆனால் அங்கே அவரை யாரும் டாக்டர் என்று கூப்பிட மாட்டார்கள். படிக்கட்டும் கிடையாது.

"ஒரு பரிச்சை வச்சுப் பாருங்," என்றார் அவர், தன் குரல் தனக்கே அடையாளம் தெரியாமல். "அடுத்த தடவை பில்டு இழுக்கறப்போ நானும் சொல்றேன், அதுவும் சொல்லட்டும். நான் தோத்தா பேசாம பெருந்துறைக்குப் போறேன். நான் ஜெயிச்சா இங்கேயே இருக்கேன்."

நிரஞ்சனுக்கு மேடை என்றால் ஆசை. சரி என்றார்.

வாய்ப்பு ஜூன் முதல் வாரத்தில் வந்தது. பில்டு பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று இழுத்தது. எல்லோரையும் திரை முன்னால் கூட்டினார்கள். குழந்தைவேல் கண்ணாடியைத் துடைத்தார். சர்வர் அறைக்குப் போனார். உள்ளங்கையை வைத்தார். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தார். திரும்பி வந்து தொண்டையைச் செருமினார்.

"நேத்து போட்டோ பிரிக்கற பகுதியில கை வச்சது யாரு?"

"நான்தாங் டாக்டர்," என்றான் அப்பாஸ், ஒரு கணமும் யோசிக்காமல்.

"நினைச்சேன்," என்றார் குழந்தைவேல். கூட்டத்தில் ஒரு சின்னக் கைதட்டல்கூடக் கேட்டது.

வீணை ஒலித்தது.

"வணக்கம். இன்றைய தாமதத்தின் காரணம்: குழந்தைவேல். காமன் ஃபைலின் உச்சியில் அவர் இன்று காலை பின்வரும் வரிகளைச் சேர்த்துள்ளார்."

திரையில் அந்த வரிகள் முழங்கை உயர எழுத்தில் வந்தன.

'ஆலைகளின் ஆருயிரே, நாலாம் மாடி நாயகரே, நிரஞ்சன் எனும் நித்திலமே, இன்று பிறந்த இன்முகமே, வாழ்க நூறாண்டு.'

காமன் ஃபைல் என்பது மற்ற எல்லா ஃபைல்களும் எட்டிப் பார்த்துக்கொள்ளும் ஒன்று. அதன் உச்சியில் குறிப்பு எழுத இடம் உண்டு. ஒன்பது வருடமாகக் குழந்தைவேல் அந்த இடத்தில் குழுவில் யாருக்குப் பிறந்தநாளோ அவருக்கு ஒரு வாழ்த்து எழுதிவந்தார். காலையில் அந்த ஃபைலைத் திறப்பவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள், நன்றி சொல்வார்கள். அதில் என்ன கெடுதல் என்று அவருக்கு விளங்கவில்லை.

"அது வெறும் குறிப்புங்க," என்றார். "குறிப்பைக் கம்ப்யூட்டர் படிக்கவே படிக்காது. முதல் வருசப் பையனுக்குக்கூடத் தெரியும்."

"படிக்காதுங்," என்றான் அப்பாஸ், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆனா ஃபைல் மாறிருச்சுன்னு அதுக்குத் தெரியுமுங்க. காமன் ஃபைல் மாறுனா, அதை நம்பி இருக்கற எல்லாத்தையும் மொதல்ல இருந்து செய்யும்."

நாடி இன்னும் முடிக்கவில்லை. "கடந்த ஒன்பது ஆண்டுகளின் பெரும் தாமதங்களில் ஏறக்குறைய அனைத்துக்கும் இதே காரணம். அவை மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் மிகுதி. அந்நாட்களில் பொறுப்பேற்றுக்கொண்டவர்கள் தொடர்புடைய எந்த மாற்றமும் செய்திருக்கவில்லை. ஒருவர் பிரசவ விடுப்பில் இருந்தபடி தொலைபேசியில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர்கள் ஏன் ஒப்புக்கொண்டார்கள்? காரணத்தின் காரணம் கண்டறிய முடியவில்லை. அன்புடன், நாடி."

நிரஞ்சன்தான் முதலில் வாய் திறந்தார்.

"பட், என் பர்த்டே நவம்பர்ல வரும்."

"சர்டிபிகேட்டுல ஜூன்னு இருந்துச்சுங்களே," என்றார் குழந்தைவேல் பலவீனமாக.

"அது ஆண்டிபட்டி பஞ்சாயத்து ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் போட்டது." ஆறு வருடக் கலிபோர்னியா அந்த ஒரு வாக்கியத்தில் உதிர்ந்து, அடியிலிருந்து நல்ல தேனி மாவட்டம் எட்டிப் பார்த்தது. "வயசு பத்தலைன்னு சேக்கறப்ப எல்லாருக்கும் அப்படித்தேன் போட்டு விட்டாரு."

சொல்லிவிட்டு அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். உருண்டை வார்த்தைகள் திரும்பி வந்தன. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்றார். திங்கள் முதல் பெருந்துறை. அதற்கு முன்னால், அந்த வரிகளைக் குழந்தைவேலே தன் கையால் நீக்கிவிட்டால் அழகான க்ளோஷராக இருக்கும் என்றார்.

ஃபைலில் அன்றைய வாழ்த்து மட்டும் இல்லை. பழையதை அழிக்காமல் மேலே மேலே எழுதிவந்ததால் ஒன்பது வருடமும் அங்கே அடுக்கடுக்காக இருந்தது. குழந்தைவேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தார். கண் கலங்கியிருந்தது. அழித்தார். காமன் ஃபைல் மறுபடி மாறிவிட்டதால், பில்டு மறுபடி முதலில் இருந்து ஓடத் தொடங்கியது.

அவர் தன் இடத்துக்குப் போய், மேஜை இழுப்பறையில் இருந்த சாமான்களை ஒரு பைக்குள் போட ஆரம்பித்தார். சற்று நேரத்தில் ரெஜினா வந்து நின்றாள்.

"வாங் டாக்டர். எல்லாரும் உக்காந்தாச்சு."

"எங்க?"

"எங்கன்னு கேக்கறீங்க பாருங். பில்டு ஓடிட்டிருக்குது. அம்பது நிமிசம் ஆகும். நீங்கதான காமன் ஃபைல்ல கை வச்சது."

"என்னைக் கோமாளி ஆக்குனது போதும் ரெஜினா. ஒம்பது வருசம்."

"எந்திரிங்க மொதல்ல. அப்புறம் கோவிச்சுக்கலாம்."

படிக்கட்டில் அப்பாஸ் ஏற்கெனவே டீ சொல்லியிருந்தான். ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பைப் பாதி வெட்டி, மனைகளுக்குக் கல் நட்டிருந்தார்கள். இது எப்போது நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று குழந்தைவேல் கேட்டார்.

"மொத வருசமே தெரியுமுங்," என்றாள் ரெஜினா. "எனக்கு நீங்க வாழ்த்து எழுதுனீங்க. அன்னைக்கு அம்பது நிமிசம் ஆச்சு. அடுத்து இவனுக்கு எழுதுனீங்க. மறுக்கா அம்பது. நாங்களும் இந்தப் பொழப்புத்தான பாக்கறோம்."

"அப்பச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா நிறுத்திருப்பீங்க."

டீ வந்தது. அவள் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"எங்க வூட்டுக்காரர் தவறுன வருசம், நான் வூட்டுல யார்கிட்டயும் பேசல டாக்டர். பையனுக்குப் பரிச்சை. மாமியாருக்கு நெஞ்சு வலி. நான் வாய் விட்டுப் பேசுனதெல்லாம் இங்கதான். யாருக்கோ பொறந்தநாள் வந்தா, அப்பாடா, இன்னைக்கு உக்காரலாம்னு இருக்கும். நாங்க ஆளுக்கு ஒரு தடவைன்னு முறை வச்சுக்கிட்டு நீங்க கேக்கறப்ப நான்தான்னு சொன்னோம். வேற என்ன பண்றது? நீங்க அலமாரியத் தொட்டுட்டு அப்புடி ஒரு மூஞ்சியோட வருவீங்க. யாராச்சும் ஒத்துக்கலைன்னா பாவமா இருக்குமில்ல."

"பிரசவத்துல இருந்த புள்ளை?"

"அவ முறை வந்துருச்சு. நாங்க வேண்டாம்னுதான் சொன்னோம். அவதான் விட்டுக்குடுக்கல."

யாரோ சிரித்தார்கள். குழந்தைவேல் சிரிக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தார். உறுதி இரண்டு மடக்கு டீ வரைதான் நின்றது.

"இன்னொண்ணுங்," என்றான் அப்பாஸ். "எனக்கும் ஜூன்ல பொறந்தநாள் இல்லைங்க."

"எனக்கும் இல்ல," என்றாள் ரெஜினா. "எங்க அம்மா என்னை டிசம்பர்ல பெத்தாங்க."

மேல்படியில் இருந்து, கீழ்ப்படியில் இருந்து, ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் தலைமையாசிரியரைக் காட்டிக்கொடுத்தார்கள். அரசாங்கப் பள்ளியில் படித்த ஒருவர்கூட அவர் வாழ்த்திய தேதியில் பிறந்திருக்கவில்லை. எல்லோரும் ஒன்பது வருடமாக நன்றி சொல்லிவந்திருந்தார்கள்.

"அடப்பாவிகளா," என்றார் குழந்தைவேல். அப்பாஸ் அவருக்கு இன்னொரு டீ சொன்னான். பெருந்துறைக்கு எந்த பஸ் நல்லது என்று பேச்சு திரும்பியது. அங்கே ஒரு கடையில் பரோட்டா நன்றாக இருக்கும் என்றார்கள். ரெஜினா கண்ணுக்கு மருந்து ஊற்றும் நேரம் வந்தது. குழந்தைவேல் குப்பியை வாங்கி, அவள் தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்லி, ஒரு சொட்டு விட்டார். கை நடுங்காமல் விட்டார். "டாக்டரேதான்," என்றாள் அவள், கண்ணை மூடியபடி.

அப்போது நாற்பது போன்களிலும் வீணை ஒலித்தது. பில்டு கடைசிக் கட்டத்தில், மூட்டை எடை பார்க்கும் பகுதியைச் சேர்க்கும்போது தோற்றுவிட்டது. காமன் ஃபைலில் தேவையான ஒரு வரியைக் காணவில்லை. அதைத் திரும்ப வைத்து முதலில் இருந்து ஓட்ட வேண்டும். இன்னும் ஐம்பது நிமிடம்.

எழுந்திருக்கப் போன எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள். அப்பாஸ் பஜ்ஜிக்கு ஆள் அனுப்பினான்.

பிரிய மனமில்லாமல் டாக்டர் வேண்டுமென்றேதான் அந்த ஒரு வரியை அழித்தார் என்று பொன்மணியில் இன்றும் சொல்வார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதை அப்பாஸ் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். நிரஞ்சன்கூட ஒரு கூட்டத்தில் அதை உதாரணமாகக் காட்டினார்.

வேண்டுமென்று செய்யவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழித்ததில் வாழ்த்துகளோடு தேவையான ஒரு வரியும் சேர்ந்து போய்விட்டது.